எங்கை விட்டனீங்கள்?

பலகையில் என் பெயர் முதலாவதாக இருந்த பன்னிரண்டு நாளும் அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கு அது பெரிய எரிச்சல். ஒருத்தி வேலையில் முதலாவதாக வந்தால் மேலே இருப்பவர் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டாமா? என்னைப் பார்க்கும்போதெல்லாம் காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல நெற்றியைச் சுருக்கி ஒரு பார்வை பார்ப்பார். பிறகு அடுத்தவளிடம் போய்விடுவார்.

நாங்கள் மிதிவெடி அகற்றுகிறவர்கள். ஆனையிறவுக்கு அங்கால், போர்க் காலத்தில் இரண்டு பக்கமும் காவலரண் போட்டுக்கொண்டு நின்ற வெளியில் எங்களுக்கு வேலை. பதினொரு பெண்கள் ஒரு பிரிவு, அதற்கு அவர் தலைவி. எல்லோரும் லீடர் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நாலு வயது இளையவர். ஆனாலும் ‘அவள்’ என்று எழுதக் கை வரவில்லை. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஏசுவார். ஏசுவதற்கு முன் தான் விட்ட பிழை ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் ஏசுவார், அதைத்தான் தாங்க முடியாது.

அவருடைய பழக்கமே அதுதான். விடிய ஐந்து மணிக்கு வீடுகளிலிருந்து பரந்தன் முகாமில் கூடி, வாகனத்தில் புறப்பட்டு வந்து இறங்கியதும், நிழலுக்குக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே வட்டமாக நிற்க வேண்டும். மற்றப் பிரிவுகளில் அன்றைய வேலையைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இவர் முதலில் நேற்றைய பிழையைக் கேட்பார். அதுவும் தன்னிலிருந்து தொடங்குவார். “நேற்று பதினொரு மணிக்குப் பிறகு எனக்கு வீட்டு யோசினை. பத்து நிமிசம் உங்கள் ஒருத்தரையும் நான் பாக்கேல்லை. அது நான் விட்டது.” அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்க மாட்டார், விளக்கமும் சொல்ல மாட்டார். பிறகு இடப்பக்கம் நிற்பவளைப் பார்த்து, “நீங்கள் எங்கை விட்டனீங்கள்?” என்பார். அப்படியே வட்டம் சுற்றி வரும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. யாராவது தன் வாயால் தன்னைக் காட்டிக்கொடுப்பார்களா? ஆனால் சொன்னார்கள். ஒருத்தி கொண்டையில் ஊசி இருந்ததை மறந்து உள்ளே போனதாகச் சொன்னாள். இன்னொருத்தி வியர்வை துடைக்க முகக்கண்ணாடியை உயர்த்தியதாகச் சொன்னாள். சட்டப்படி அதற்கு ஒரு கிழமை வேலையிலிருந்து நிறுத்தி வைக்க வேண்டும். அவர் அதை எழுதவேயில்லை. “சரி, துடைக்கிறதெண்டால் எழும்பிப் பின்னுக்கு வந்து துடையுங்கோ” என்றுவிட்டு அடுத்தவளைப் பார்த்தார். வட்டத்தில் சொன்னதற்கு அவரிடம் தண்டனை கிடையாது.

மறைத்ததற்கு இருந்தது. மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி, முகக்கண்ணாடியை உயர்த்தினாளா என்று அவர் நேரே கேட்டபோது இல்லை என்றாள். அம்புலன்ஸோடு நிற்கிற வைத்தியத் தாதி கண்டிருந்தார். அன்று மத்தியானமே அவளுடைய சப்பாத்தையும் கவசத்தையும் கழற்றி வாங்கி வேலையிலிருந்து நிறுத்தினார். நாங்கள் எவ்வளவோ கெஞ்சினோம். “பிழைக்கு நான் மேலை பதில் சொல்லுவன். பொய்க்கு என்னாலை ஏலாது” என்றார். கண் கலங்கவில்லை, குரல் உயரவில்லை. ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணுக்குக் கிளிநொச்சியில் தையல் வேலை ஒன்று எடுத்துக் கொடுத்ததும் இவர்தான் என்று பிறகு அறிந்தோம். ஆனால் அன்று அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

லீடர் முல்லைத்தீவுக் கடற்கரைக் குடும்பம், அவருக்கும் இரண்டு பிள்ளைகள். உள்ளே இறங்குமுன் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். சப்பாத்துக் கயிற்றை இரண்டு தரம் முடிவார். எங்கள் ஒருத்தருடைய பிறந்தநாளும் அவருக்குத் தெரியாது, பதினொருவருடைய இரத்த வகையும் மனப்பாடம். வாகனத்தில் ஏறும்போது எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். நடுங்குகிறதா, வீங்கியிருக்கிறதா, நேற்று அடித்த காயம் இருக்கிறதா என்று. வீட்டில் புருஷனோடு சண்டை என்றால் எங்களுக்கு முன் அவருக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு அவளைத் தண்ணீர்க் கான் தூக்கவோ கயிறு கட்டவோ விடுவாரே தவிர உள்ளே விட மாட்டார்.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து பெரிய ஆட்கள் கமராவோடு வந்தார்கள். உங்கள் பிரிவில் ஆகத் திறமையானவர் யார் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்கள். என் பெயர்தான் அப்போது பலகையில் முதலாவது. நான் கவசத்தைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றேன். அவர் கலாவைக் காட்டினார். கலா எங்களுக்குள் ஆகக் கடைசி. மற்றவர்கள் இரண்டு மீற்றர் போகிற நேரத்தில் ஒரு மீற்றர் போவாள். வந்தவர்களுக்கு விளங்கவில்லை, ஏன் என்று கேட்டார்கள். “இவா நாளைக்கும் வருவா” என்றார். மொழிபெயர்த்தவர் அதை என்னவென்று சொன்னாரோ, அவர்கள் சிரித்துவிட்டுக் கலாவைப் படம் எடுத்தார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

எங்கள் வேலை எப்படி என்று சொன்னால்தான் இனி வருவது விளங்கும். ஒவ்வொருத்திக்கும் கயிறு கட்டிய ஒரு மீற்றர் அகலப் பாதை. பாதையின் முனையில் நிலத்தில் குறுக்கே ஒரு சிவப்புத் தடி கிடக்கும். தடிக்கு இந்தப் பக்கம் துப்புரவான நிலம், அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். முழந்தாளிட்டு, நீளக் கம்பில் பூட்டிய வாரியால் அந்தப் பக்கத்து மண்ணை முக்கால் சாண் ஆழத்துக்கு மெல்ல மெல்லச் சுரண்டி இழுக்க வேண்டும். இழுத்த மண்ணைப் பார்த்து, பாதையின் கரையில் குவிக்க வேண்டும். அளவுக் குச்சியை வைத்து ஆழம் பார்த்துவிட்டுச் சிவப்புத் தடியை முன்னுக்கு நகர்த்தலாம். மத்தியானம் வேலை முடிந்ததும் யார் எத்தனை மீற்றர் என்று வெள்ளைப் பலகையில் எழுதுவார்கள். அது மேலிடத்துக் கட்டளை. அவருக்கு அந்தப் பலகை பிடிக்காது என்பது அவர் எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

எனக்கு அந்தப் பலகைதான் உயிர். ஏனென்றும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவும் அம்மாவும் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பன் கடை வரைக்கும் எங்களைத் தோட்டக்காட்டார் என்று சொல்லாத வாய் குறைவு. அந்த வாய்களை மூட எனக்குத் தெரிந்த ஒரே வழி, எதைச் செய்தாலும் முதலாவதாக வருவதுதான். புருஷன் வவுனியாவில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறார், நல்லாய் இருக்கட்டும். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் அந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுத இருந்தாள். அந்த நேரத்தில்தான், இந்த வெளி முடிந்ததும் பிரிவில் பாதிப்பேரை நிறுத்தப் போகிறார்கள் என்ற கதை வந்தது. தலைவிப் பயிற்சிக்குத் தெரிவாகிறவர்களை மட்டும் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவார்களாம். பலகையைப் பார்த்துத்தான் தெரிவு. பட்டியல் போகும் நாளும் தெரிந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள், பட்டியல் போவதற்கு முதல் நாள், என் பாதையின் இடப்பக்கத்தில் ஒரு பனங்கட்டையின் வேர் வந்தது. மேலே மரம் இல்லை, ஷெல் விழுந்து எப்போதோ முறிந்து போயிருந்தது. வேர் மட்டும் கொத்துக் கொத்தாக நிலத்தோடு இறுகிக் கிடந்தது. கோடை, மண் சீமெந்துபோல. வாரி போட்டால் வழுக்கியது. கத்தரியால் ஒவ்வொரு வேராக வெட்டி எடுக்க வேண்டும், ஒரு அடி நிலத்துக்கு அரை நாள் போகும். பக்கத்துப் பாதையில் ஒருத்தி என்னை எட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள், வாரி இழுக்கும் சத்தத்திலேயே தெரிந்தது. இவ்வளவு வேருக்குள் யார் வெடி புதைத்திருக்கப் போகிறான் என்று யோசித்தேன். இரண்டு சாண் அகலம்தான். மேல்மண்ணை மட்டும் வாரிவிட்டு, அளவுக் குச்சியை வைக்காமல், சிவப்புத் தடியை அதற்கு மேலால் தூக்கி முன்னுக்குப் போட்டேன். என் வாழ்நாளில் செய்த ஆகப் பெரிய களவு அது, ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

பலகையில் அன்றும் நான்தான் முதலாவது. அவர் பின்னேரம் வழக்கம்போல எல்லாப் பாதைகளையும் வெளியில் நின்று பார்த்துக்கொண்டு போனார். என் பாதைக்கு நேரே கொஞ்சம் நின்றதாக ஞாபகம். ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிட்டது. வெடி புதைத்த நேரத்தில் அங்கே வேர் எங்கே இருந்தது? புதைத்து இருபது வருடத்துக்கு மேல். பனை முறியுமுன் எத்தனை வருடம் வேர் விட்டிருக்கும், வேர் பிறகல்லவா வந்தது. முதலில் வெடி கிடந்து, அதைச் சுற்றி வேர் போயிருக்கலாம். இது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியும் தந்தார்கள். எனக்கு முதலாம் இடம் கண்ணை மறைத்துவிட்டது. துருவிய தேங்காயை அப்படியே வைத்துவிட்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ, மகள் வந்துதான் விளக்கைப் போட்டாள்.

காலையில் வட்டத்தில் சொல்லிவிடுவது என்றுதான் வாகனத்தில் ஏறினேன். வட்டத்தில் சொன்னால் தண்டனை இல்லை, வேலை போகாது. ஆனால் என் மீற்றர் எல்லாம் சந்தேகத்துக்கு வரும், பன்னிரண்டு நாளையும் அழிப்பார்கள், பட்டியலில் என் பெயர் இருக்காது. அதுவாவது பரவாயில்லை. பத்துப் பேருக்கு முன்னால், என்னை அப்படியும் இப்படியும் கதைத்தவர்களுக்கு முன்னால், நான் களவு செய்து முதலாவதாக வந்தவள் என்று என் வாயால் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால், வேலை போகுமென்று பயந்ததைவிட நான் அதற்குத்தான் கூடப் பயந்தேன்.

அவர் அன்று தன் பிழையாக என்ன சொன்னார் என்பது ஞாபகம் இல்லை. வட்டம் சுற்றி வந்தது. எனக்கு முன்னால் கலா, தான் தண்ணீர்ப் போத்தலைக் கயிற்றுக்கு உள்ளே வைத்ததாகச் சொன்னாள். பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

“நீங்கள் எங்கை விட்டனீங்கள் அக்கா?”

“ஒண்டுமில்லை, லீடர்.”

ஒரு மூச்சு விடுகிற நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்தவளிடம் போய்விட்டார். அப்பாடா என்று இருந்தது. சொல்வதா விடுவதா என்ற யோசனையில் மறந்தே போயிருந்த அவருடைய இரண்டாவது பழக்கம் அடுத்த நிமிடமே நினைவுக்கு வந்தது. வட்டம் கலைந்ததும் எங்கள் ஒருத்தரையும் உள்ளே விட மாட்டார். முதலில் தான் போவார். நேற்று ஒவ்வொருத்தியும் துப்புரவாக்கிய பாதையில், தொடக்கத்திலிருந்து சிவப்புத் தடி வரைக்கும் தன் காலால் நடந்து போய்த் திரும்பி வருவார். இதை எந்த விதிப் புத்தகமும் கேட்கவில்லை. ஏன் என்று ஒருமுறை கலா கேட்டதற்கு, “நீங்கள் சொன்னதை நான் நம்புறன் எண்டு காட்ட என்னட்டை வேறை என்ன கிடக்கு?” என்றார்.

கவசம் போட்டார், முகக்கண்ணாடியை இறக்கினார், சிலுவை அடையாளம் போட்டார். முதலாம் பாதை. என்னுடையது ஏழாவது. ஆறு பாதை கிடக்கிறது, அதற்குள் சொல்லிவிடலாம் என்று நின்றேன். இரண்டாம் பாதை முடிந்தது. மூன்று. அவர் வேகமாகவும் நடக்க மாட்டார், மெதுவாகவும் நடக்க மாட்டார், தன் வீட்டு வளவில் நடப்பதுபோல நடப்பார். நாலாவதும் முடிந்தது. ஐந்தாவதில், வேருக்கு மேலே அவர் கால் சரியாகப் படவேண்டும் என்றில்லையே, வலப்பக்கத்தால் போவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறாவதை முடித்துத் திரும்பியபோது எங்களைப் பார்த்தார். எங்களை என்றால் என்னை. பிறகு என் பாதைக்குள் கால் வைத்தார்.

வேர் இருந்த இடம் சிவப்புத் தடிக்கு நாலு எட்டு இந்தப் பக்கம். அவர் இடப்பக்கத்தால்தான் நடந்தார். பத்து எட்டு இருந்தது, ஐந்து எட்டு இருந்தது. நான் ஒரு அடி முன்னுக்கு வைத்தேன். பக்கத்தில் நின்ற கலா, உனக்கு என்ன செய்கிறது என்று என் கையைப் பிடித்தாள். அவர் வலது காலைத் தூக்கினார்.

“நில்லுங்கோ!”

எனக்கே அது யாருடைய குரல் என்று தெரியவில்லை. அவர் நின்றார். தூக்கிய காலை முன்னால் வைக்காமல், ஒற்றைக் காலில் கொஞ்சம் நின்று, பிறகு எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார். முகத்தைத் திருப்பவில்லை.

“எவ்வளவு தூரம்?” என்று கேட்டார்.

“ஒரு எட்டு. இடப்பக்கம், வேருக்குள்ளை. ஆழம் பாக்கேல்லை.” அழுகையோடு சொன்னேன்.

தன் அடிச்சுவட்டிலேயே ஒவ்வொரு எட்டாகப் பின்னால் வந்தார். வெளியே வந்ததும் நீள விசில் ஊதினார். அதன் பொருள், ஒருத்தரும் உள்ளே போகாமல் தறப்பாளுக்கு வரவேண்டும். பிறகு வாரியையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு தானே போய் முழங்காலில் இருந்தார். வெயில் உச்சிக்கு வரும் வரைக்கும் வேர் வேராக வெட்டினார். அம்புலன்ஸ் சாரதி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். என்னோடு ஒருத்தரும் கதைக்கவில்லை.

ஒன்றும் இருக்கவில்லை. ஒரு துருப்பிடித்த மீன் டின் மூடி, அவ்வளவுதான். முக்கால் சாண் ஆழத்துக்கு வெறும் மண்ணும் வேரும். அவர் எழும்பி வந்து முகக்கண்ணாடியைக் கழற்றினார், தலையெல்லாம் நனைந்திருந்தது. எனக்கு உயிர் வந்தது. வந்த உயிரோடு புத்தியும் வந்திருக்கலாம், வரவில்லை. “ஒண்டும் இருக்கேல்லைத்தானே, லீடர்” என்றுவிட்டேன்.

அவர் கோபப்பட்டு நான் கண்டது அந்த ஒரு முறைதான். “அப்ப நான் காலை வைச்சிருக்கலாம் எண்டுறியளோ?” என்று கேட்டார். எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத்தான் கேட்டார்.

சப்பாத்தைக் கழற்றச் சொல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும்தான், கயிற்றை அவிழ்த்தே வைத்திருந்தேன். சொல்லவில்லை. அடுத்த நாள் வட்டத்தில் நின்று, “நேற்று நான் விட்டதைச் சொல்லுறன்” என்று தொடங்கினார். “இவா ஒண்டுமில்லை எண்டு சொன்ன நேரம் நான் ரெண்டாந்தரம் கேக்கேல்லை. கேட்டிருக்க வேணும்.” பிறகு இடப்பக்கம் திரும்பி மற்றவர்களைக் கேட்கத் தொடங்கினார். என் முறை வந்தபோது பன்னிரண்டு நாளையும் சொன்னேன். எங்கெங்கே அவசரப்பட்டேனோ எல்லாவற்றையும். அன்று பின்னேரம் பலகையை ஈரச்சீலையால் துடைத்தார். அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் மீற்றர் எழுதவேயில்லை, மேலிடம் எவ்வளவு கேட்டும்.

பட்டியலில் என் பெயர் இல்லை. என் பாதைகள் எல்லாவற்றையும் நானே திரும்ப வாரினேன், அவர் பின்னால் நின்றார். வெளி முடிந்ததும் என்னை நிறுத்தினார்கள். விசுவமடுவில் கச்சான் கடலை பிடுங்க நாட்கூலிக்குப் போனேன். மகள் பரீட்சை எழுதினாள், அதை எப்படி எழுத வைத்தேன் என்பது வேறு கதை. ஐந்து மாதத்தில் புதிய இடமொன்று தொடங்கித் திரும்ப என்னைக் கூப்பிட்டார்கள். சிபார்சு எழுதியது அவர் என்றார்கள். நான் போனபோது அவர் அங்கே இல்லை. ஏனென்று யாருக்கும் தெரியாமல் வேலையை விட்டு விலகிப் போயிருந்தார்.

இப்போது நானும் ஒரு பிரிவுக்குத் தலைவி. போன வருடம் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் எங்களுக்கு இரண்டு நாள் தலைமைத்துவப் பயிற்சி வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த தம்பி ஒருவர், நல்ல பிள்ளை, திரையில் பெரிய பெரிய கொம்பனிக்காரர்களின் படம் காட்டி, இவர்கள் எத்தனை மணிக்கு எழும்புகிறார்கள், எப்படி முதலிடத்துக்கு வந்தார்கள் என்று சொன்னார். முதலிடம் என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்குப் பனைவேர்தான் தெரிந்தது. பிறகு எல்லோருக்கும் ஒரு மஞ்சள் தாள் தந்து, உங்கள் வாழ்க்கையில் கண்ட சிறந்த தலைவர் ஒருவரைப் பற்றி எழுதுங்கள் என்றார். கை தானாகப் பேனையை எடுத்தது. ஆனால் எழுத முடியவில்லை. ஒரு கேள்வி தடுத்தது.

தலைவியான பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. பின்னேரத்தில் பாதைகளை வெளியில் நின்று பார்க்கும்போது தலைவி எதைப் பார்ப்பாள் என்று இப்போது எனக்குத் தெரியும். மண்குவியலைப் பார்ப்பாள். ஒழுங்காக வாரிய நிலத்துக்கு இவ்வளவு மண் வரவேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எங்கேயாவது விட்டால் குவியல் சிறுத்துப் போகும். அன்று என் குவியல் கட்டாயம் சிறுத்துத்தான் இருந்திருக்கும். கையைப் பார்த்து வீட்டுச் சண்டையைக் கண்டுபிடிக்கிற மனுஷிக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா?

மஞ்சள் தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போனேன். அங்கே தண்ணீரூற்று என்ற ஊரில் வீடு வாங்கிக் கோழி வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பூசைக்குப் போய் வந்து கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு நின்றார். உடம்பு கொஞ்சம் வைத்திருந்தது, நெற்றிச் சுருக்கம் அப்படியே. கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றித் தந்து, மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள் என்றேன். அவருக்குச் சந்தோஷம். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“அண்டைக்கு என்ரை மண்குவியலைப் பாத்தனீங்களோ?” என்று கேட்டேன்.

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. “ஓம். முதல்நாள் பின்னேரமே பாத்தனான்.”

“பாத்திட்டோ நடந்தனீங்கள்?”

“நீங்கள் கூப்பிடுவியள் எண்டு நினைச்சன்.”

“கூப்பிடாட்டி?”

“நிண்டிருப்பன்.” கையிலிருந்த தீனை வீசிவிட்டுச் சொன்னார்.

நான் அவர் தூக்கிய காலைப் பார்த்தவள். இத்தனை வருடமாக ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். நிற்கப் போகிறவரின் கால் அப்படி எழும்பாது. அவரை எதிர்த்து நான் ஒரு நாளும் கதைத்ததில்லை, அன்று கதைத்தேன். “நீங்கள் நிண்டிருக்க மாட்டியள்” என்றேன். உங்களுக்கும் இரண்டு பிள்ளைகள், எனக்குப் பாடம் படிப்பிக்க அவர்களுடைய தாயின் காலை வைத்துப் பந்தயம் கட்டினீர்களா என்று கேட்டேன். எவ்வளவு கோபம் எனக்குள் இருந்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவர் பக்கத்தில் வந்து இருந்தார். கோழிகள் காலடியில் கொத்திக்கொண்டு திரிந்தன.

“எனக்குத் தெரியாது அக்கா” என்றார். “நிண்டிருப்பனோ எண்டு எனக்கே தெரியாது. அண்டைக்கு ரெண்டாந்தரம் கேக்கேல்லை எண்டு வட்டத்திலை சொன்னன். அது சின்னப் பிழை. தெரிஞ்சுகொண்டு நடந்ததை நான் சொல்லேல்லை. பொய்க்கு ஏலாதெண்டு ஒருத்தியை வீட்டை அனுப்பின நான், என்ரையை மறைச்சுப்போட்டன். அதுக்குப் பிறகு அந்த வட்டத்திலை நிக்க எனக்கு ஏலாமல் போட்டுது.”

அதுதான் அவர் வேலையை விட்ட காரணம். இத்தனை வருடமும் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை எனக்குச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி ஆறுகிறது குடியுங்கோ என்றார். குடித்தேன். அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, ஏச வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழும்பினேன். வாசல் படலை வரைக்கும் வந்து, என் கையைத்தான் பார்த்தார்.

இதெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வியாழக்கிழமை நடந்ததற்காக. என் பிரிவில் யாழினி என்று ஒருத்தி. முப்பது வயது, கெட்டிக்காரி, யாரும் எட்டிப் பிடிக்க முடியாத வேகம். புதன்கிழமை பின்னேரம் பாதைகளைப் பார்த்துக்கொண்டு போனபோது அவளுடைய மண்குவியலடியில் என் கால் நின்றுவிட்டது. சிறுத்திருந்தது.

வியாழன் காலை வட்டத்தில் என் பிழையை முதலில் சொன்னேன். முதல்நாள் மத்தியானம் யாழினியை எல்லோருக்கும் முன்னால் கெட்டிக்காரி என்று புகழ்ந்ததும், பின்னேரம் ஒரு குவியலைக் கண்டுவிட்டு அதை உடனே கேட்காமல் வீட்டுக்குப் போனதும் நான் விட்டது என்றேன். யாழினி நிலத்தைப் பார்த்தாள். வட்டம் சுற்றி அவளிடம் வந்தது.

“ஒண்டுமில்லை, லீடர்” என்றாள்.

எனக்குத் தெரியும் அந்தக் குரல். அவளுடைய பாதை எனக்குப் பின்னால், இருபது எட்டுக்கூட இல்லை. கவசத்தைப் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தால் கூப்பிடுவாள், கட்டாயம் கூப்பிடுவாள் என்று ஒரு யோசனை வந்து போனது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு இரண்டாந்தரம் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள், இந்த முறை மெதுவாக. வட்டத்தில் நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். வேலை தொடங்கும் நேரம் தாண்டிவிட்டது, வெயில் தறப்பாளுக்கு உள்ளே வந்துவிட்டது, சாரதி என்ன என்று எட்டிப் பார்த்தார். எனக்கு அவசரம் இல்லை. அவளுடைய கையைப் பார்த்தேன்.

“எங்கை விட்டனீர் பிள்ளை?” என்று மூன்றாந்தரம் கேட்டேன்.

அவள் முகக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தாள். “அந்தக் கறையான் புத்தடியிலை, லீடர்” என்று தொடங்கினாள்.